பெரியது, பழையது, கிளிப் மூடி: மூன்றும் ஒரே ஜாடியில் கிடைக்குமா?

நல்ல பெரிய கண்ணாடி ஜாடி வேண்டும். மூடியும் கண்ணாடியாக இருக்க வேண்டும், நடுவில் ரப்பர் வளையம், மேலே கம்பியை இழுத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தேடக் கிளம்புகிறவர்கள் கொஞ்ச நாளில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். பழைய சாமான் சந்தையில் அலைவதா, இன்றும் தயாரிக்கிற கம்பெனியின் புது ஜாடியை வாங்குவதா, இல்லை அலங்காரப் பொருள் கடையில் அடுக்கி வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு தேடலை முடித்துக்கொள்வதா?

தேடல் இழுத்துக்கொண்டே போவதற்குத் தேடுகிறவரின் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. கம்பிப் பூட்டு ஜாடிகள் பழம், காய்கறிகளை வேகவைத்துக் காற்றுப் புகாமல் அடைத்து வைக்கப் பிறந்தவை. சார்லஸ் டி குவில்ஃபெல்ட் 1875-இல் பாட்டில்களுக்காகக் காப்புரிமை பெற்ற கம்பிப் பூட்டு ஒன்று அமெரிக்காவில் இருந்தது. ஹென்றி புட்னம் அதை 1882-இல் அகன்ற வாய் ஜாடிக்குக் கொண்டுவந்தார். 'லைட்னிங்' என்று பெயர் பெற்ற அந்த வகையும் அதைப் பார்த்துச் செய்தவையும் பெரும்பாலும் மூன்று அளவில்தான் வந்தன: சுமார் அரை லிட்டர், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர். அதற்கு மேல் போனால் கொதிநீரின் சூடு ஜாடியின் நடுப்பகுதி வரை போய்ச் சேர ரொம்ப நேரம் பிடிக்கும், உள்ளே இருப்பது கெட்டுப்போகும். அதனால் பெரிதாகச் செய்ய யாருக்கும் அவசியமில்லை. அந்தக் காலத்தில் பெரிய ஜாடிகளும் இருந்தன, ஆனால் அவை கடைக்காரர் மேசையிலும் மருந்துக் கடையிலும் இருந்தவை. அவற்றுக்குக் கம்பிப் பூட்டு கிடையாது.

ஆகவே பெரியது, பழையது, கிளிப் மூடி என்கிற மூன்றில் இரண்டு சுலபமாகக் கிடைக்கும், மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. எதை விட்டுக்கொடுப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

## முதலில் அளவுகோல்கள்

எவ்வளவு பெரியது வேண்டும்? ஒரு லிட்டர் கொள்ளளவில் அரிசி ஏறக்குறைய 800 கிராம் பிடிக்கும். சர்க்கரை அதைவிடக் கொஞ்சம் கூட. மாவு அரை கிலோ, அழுத்தி நிரப்பினால் இன்னும் சற்று. 5 லிட்டர் ஜாடியில் அரிசி நிரப்பினால் கண்ணாடியின் எடையும் சேர்ந்து 5 கிலோவைத் தாண்டிவிடும். அதை மேல் தட்டிலிருந்து ஒரு கையால் இறக்க முடியாது. தினமும் கையில் எடுக்கிற ஜாடிக்கு 3 லிட்டரே எல்லை என்பது என் கணக்கு. அதற்கு மேல் என்றால் ஒரே இடத்தில் நிற்கிற ஜாடியாகத்தான் அது இருக்கும்.

வாய் எவ்வளவு அகலம்? படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கிளிப் மூடி ஜாடிகளில் கொள்ளளவு ஏற ஏற வயிறு பெருக்கும், வாய் அதே அளவில் நின்றுவிடும். ஒரே வரிசையில் வருகிற சின்ன ஜாடிக்கும் பெரிய ஜாடிக்கும் ஒரே மூடி பொருந்துவது சகஜம். கம்பெனிக்கு அது லாபம். உங்களுக்கோ கை மணிக்கட்டோடு நின்றுவிடும், அடியில் கிடப்பதை நீளக் கைப்பிடி கரண்டியால்தான் எடுக்க முடியும், கழுவவும் நீள பிரஷ் தேவைப்படும்.

காற்று புகாமல் இருந்தே ஆக வேண்டுமா? காப்பித் தூள், ஈரம் இழுக்கிற பொடிகள், வண்டு வரக்கூடிய தானியம் என்றால் ஆமாம். பொட்டலம் பிரிக்காத சாமான்களை அடுக்கி வைக்க என்றால் அவ்வளவு அவசியமில்லை.

கேஸ்கட், அதாவது மூடியின் ரப்பர் வளையம், கிடைக்குமா? என்னைக் கேட்டால் இதுதான் தலையாய அளவுகோல். கண்ணாடி நூறு வருஷம் கிடக்கும். கம்பி துருப்பிடித்தாலும் வளைந்தாலும் சரி செய்ய வழி உண்டு. ரப்பர் வளையம் மட்டும் சில வருஷத்தில் இறுகி, வெடித்து, இழுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் போய்விடும். அதற்கு மாற்று கிடைக்காத நாளில் எவ்வளவு அழகான ஜாடியும் மூடி வைத்த பூச்சாடிதான். ஜாடியைப் பார்க்கும் முன் அதற்குரிய கேஸ்கட் தனியாக விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அலமாரி உயரம். கீல் வைத்த மூடி பின்னால் சாய்ந்து திறக்கும். தட்டில் வைத்தபடியே திறக்க மேலேயும் பின்னாலேயும் இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முழு ஜாடியையும் வெளியே இழுக்க வேண்டியிருக்கும்.

## ஒரு பார்வையில்

| வழி | எதை விடுகிறீர்கள் | கொள்ளளவு | மூடியின் பிடிப்பு | கேஸ்கட் |
|---|---|---|---|---|
| உண்மையிலேயே பழைய கம்பி மூடி ஜாடி | பெரிய அளவு | 2 லிட்டருக்குள் | விளிம்பு பழுதில்லாவிட்டால் நன்று | வகையைப் பொறுத்தது |
| பழைய கம்பெனிகளின் இன்றைய தயாரிப்பு | பழமை | 3 லிட்டர், சிலவற்றில் 5 வரை | மிக நன்று | தனியாக விற்கிறார்கள் |
| கடை ஜாடி, திருகு மூடி ஜாடி | கிளிப் | 4 லிட்டரும் மேலும் | ஜாடிக்கு ஜாடி மாறும் | திருகு மூடிக்குத் தேவையில்லை |
| அலங்கார ஜாடி | நம்பகம் | எல்லா அளவும் | வாங்கும்போதே சோதித்தால்தான் தெரியும் | பெரும்பாலும் கிடைக்காது |

## பழசு, கிளிப் உண்டு, ஆனால் சின்னது

இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு, சந்தையில் இரண்டையும் கலந்துதான் விற்பார்கள். அமெரிக்க லைட்னிங் வகையில் மூடி தனியாகக் கழன்று வரும். கழுத்தில் சுற்றிய கம்பியிலிருந்து ஒரு வளைவு எழும்பி, மூடியின் நடுவில் உள்ள பள்ளத்தில் உட்காரும், பக்கவாட்டு நெம்புகோலைக் கீழே தள்ளினால் இறுகும். ஐரோப்பிய வகையில் மூடி பின்பக்கக் கீலில் மாட்டியிருக்கும், முன்பக்கம் பூட்டும். கேஸ்கட்டும் வேறு வேறு. லைட்னிங் வகைக்கு, சாதாரண வாய் அளவுள்ள ஜாடிகளுக்கான ரப்பர் வளையம் இன்றும் வாங்க முடியும் என்பது நல்ல செய்தி.

விற்பவர் சொல்கிற வயதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜாடியில் புடைத்து நிற்கிற தேதி காப்புரிமையின் தேதி, அந்த ஜாடி பிறந்த தேதி அல்ல. அமெரிக்காவின் பால் (Ball) பிரதர்ஸ் கம்பெனியின் 'ஐடியல்' ஜாடிகளில் 1908 ஜூலை 14 என்று இருக்கும். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த ஜாடி வந்துகொண்டே இருந்தது. அடியில் இருக்கிற எண் பெரும்பாலும் கண்ணாடியை வார்த்த அச்சின் எண். பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோடு விளிம்பு வரை ஏறிப் போனால் அது இயந்திரத்தில் செய்தது. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி பாட்டில் இயந்திரம் 1903-இல் வந்த பிறகு அந்த முறை பரவலானது. அப்புறம் ஊதா நிறம். கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க மாங்கனீஸ் சேர்த்த காலத்து ஜாடிகள் வெயிலில் கிடந்தால் மெல்லிய ஊதா ஏறும். அடர்ந்த ஊதாவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சாதாரண ஜாடிகளைக் கதிர்வீச்சில் வைத்து நிறமேற்றி விற்பதும் நடக்கிறது.

வாங்கும்போது கண்ணைவிட விரல் முக்கியம். மூடியைத் திறந்து, ரப்பர் உட்காருகிற விளிம்பில் மெல்லிய துணியைச் சுற்றி ஓட்டுங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் நூல் சிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சில்லு போதும், அந்த இடத்தில் காற்று போய்வந்துகொண்டிருக்கும். மூடியின் அடிப்பக்கத்தையும் இதே மாதிரி பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை என்பதால் பழுது அங்கேதான் ஒளிந்திருக்கும். கீழேயிருந்து டார்ச் அடித்தால் கழுத்தில் ஓடும் விரிசல் வெள்ளிக் கோடாய் மின்னும்.

உள்ளே மங்கலாக இருந்தால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்தவுடன் பளிச்சென்று ஆகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால் அது உப்புப் படிவாகவோ கண்ணாடியே அரிக்கப்பட்டதாகவோ இருக்கலாம். படிவம் என்றால் வினிகரில் ஒரு ராத்திரி ஊறினால் கரையும். அரிப்பு என்றால் எதைப் போட்டாலும் போகாது. எண்ணெய் தடவி பளபளப்பாக்கி விற்பதும் உண்டு. தொட்டுப் பார்த்து விரல் வழுக்கினால் கீழே வைத்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் தபாலில்தான். கண்ணாடி கனம், உடையும், பொதி கட்டத் தெரியாதவர் அனுப்பினால் கம்பி கழுத்தில் இடித்து உடைக்கும். மூடியையும் ஜாடியையும் தனித்தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மூடி இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு அப்புறம் மூடி தேடுவது ஜாடி தேடுவதைவிடக் கஷ்டம்.

அந்தந்த காலத்து எழுத்தும் குமிழியும் உள்ள கண்ணாடி பிடிக்கும், அளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு இது. பெரிய கொள்ளளவுதான் வேண்டுமென்றால் ஒரே பெரிய ஜாடிக்குப் பதில், இரண்டு லிட்டர் ஜாடிகளாக மூன்று வாங்கி வரிசையாக வையுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும், தூக்கவும் சுலபம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இவற்றை வேகவைத்து அடைக்கும் பழைய வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அமெரிக்காவின் தேசிய வீட்டு உணவுப் பதப்படுத்தல் மையம் கம்பிப் பூட்டும் கண்ணாடி மூடியும் கொண்ட பழைய ஜாடிகளை அந்த வேலைக்குப் பரிந்துரைப்பதில்லை. சரியாக மூடியதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள அவற்றில் வழியில்லை. உலர்ந்த சாமான் வைக்கத் தடையேதும் இல்லை.

## பெரிசு, கிளிப் உண்டு, ஆனால் புதுசு

பிரான்சின் லெ பார்ஃபே, இத்தாலியின் ஃபிடோ, இங்கிலாந்தில் தொடங்கிய கில்னர். இந்த மூன்று பெயர்களும் எங்கும் அடிபடும். வடிவம் பழையது, கண்ணாடி கனமானது, கேஸ்கட் தனியாக விற்கிறார்கள். லெ பார்ஃபே வரிசையில் 3 லிட்டர் வரை வரும், பெரியவற்றின் ரப்பர் 100 மில்லிமீட்டர் அளவு. ஃபிடோவில் 5 லிட்டரும் உண்டு. என் ஓட்டு இந்த வழிக்குத்தான். அதிலும் ஒரு உட்பிரிவுக்கு: இதே கம்பெனிகளின் இருபது முப்பது வருஷம் பழசான ஜாடி, இரண்டாம் கை. கண்ணாடி அதேதான், கொஞ்சம் பயன்பாட்டின் தழும்பு இருக்கும், கேஸ்கட் அளவு மாறாத வரிசைகளில் இன்றைய ரப்பர் அப்படியே உட்காரும். அரும்பொருள் என்று விலை ஏற்ற யாரும் இல்லாத இடைப்பட்ட வயது. வாங்கும் முன் ரப்பர் அளவை மட்டும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்பதற்குக் கில்னரே உதாரணம். ஜான் கில்னர் 1842-இல் யார்க்‌ஷயரில் தொடங்கிய கம்பெனி 1937-இல் திவாலாகி மூடப்பட்டது. பெயர் கைமாறித்தான் இன்று வரை வந்திருக்கிறது. இன்றைய ஜாடி மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. பெயர் பழையதாக இருப்பதாலேயே ஜாடியும் பழைய தொழிற்சாலையில் பிறந்ததாக நினைத்து விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

வெக் என்ற ஜெர்மானியப் பெயரும் கண்ணில் படும். 1900-இல் தொடங்கிய கம்பெனி. அதில் கண்ணாடி மூடியும் ரப்பரும் உண்டு, ஆனால் கம்பிக் கீல் கிடையாது. தனியாக மாட்டிக் கழற்றும் சின்ன எஃகு கிளிப்புகள்தான். தினமும் திறந்து மூடுகிற வேலைக்கு அது எரிச்சல்.

புது ஜாடியிலும் செலவு ஒளிந்திருக்கிறது. ரப்பரின் வாசனை முதலில் தூக்கலாக இருக்கும், வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்தால் தணியும். கேஸ்கட்டை ஜாடியோடேயே இரண்டு மூன்று கூடுதலாக வாங்கிக்கொள்வது நல்லது. வெள்ளை சிலிகான் வளையங்களும் கிடைக்கும். அவை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரப்பரைவிடக் காற்றை அதிகம் கசியவிடும், மசாலா வாசனையை விட்டுத் தொலைக்காது. அரிசிக்கு இரண்டும் ஒன்றுதான். காப்பிக்கு ரப்பர்.

புளிக்க வைக்கும் காரியத்துக்கு இந்த ஜாடிகளை நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். உள்ளே வாயு ஏறினால் ரப்பரைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் வெளியேறும் என்பது உண்மை. அதை நம்பிக் கழுத்து வரை நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. மேலே நல்ல இடம் விடுங்கள், முதல் சில நாள் தினமும் கிளிப்பைத் தளர்த்தி விடுங்கள். அலங்காரத்துக்குச் செய்த மெல்லிய கண்ணாடியில் இந்த வேலையே வேண்டாம்.

## பெரிசு, பழசு, ஆனால் கிளிப் இல்லை

பெரிசும் பழசும்தான் மனசை இழுக்கிறது என்றால், கிளிப்பை விட்டுக்கொடுப்பது அவ்வளவு பெரிய இழப்பில்லை. கடை மேசையில் நின்ற கண்ணாடிக் குமிழ் மூடி ஜாடிகள் இந்த வகை. தேய்த்துப் பொருத்திய கண்ணாடி அடைப்பான் உள்ளவற்றில், ஒவ்வொரு அடைப்பானும் அதன் ஜாடிக்கென்றே தேய்க்கப்பட்டது. இன்னொன்றின் மூடியை மாற்றிப் போட்டால் ஆடும். ரப்பர் இல்லாததால் ஈரம் இழுக்கிற பொடிக்கு ஆகாது. உள்ளே ஒரு மூடிய பையில் சாமானை வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் இந்த வழியில்தான் ஆபத்தும் இருக்கிறது. பழைய சந்தைகளில் கிடைக்கிற பெரிய, கனத்த, சதுரக் கண்ணாடித் தொட்டிகளில் சில அந்தக் காலத்து மின்கலத் தொட்டிகள். ஈயத் தகடும் கந்தக அமிலமும் வைத்திருந்தவை. ஆய்வுக்கூடங்களில் உடல் உறுப்புகளைப் பதப்படுத்தி வைத்த உயரமான ஜாடிகளும் வரும். எவ்வளவு கழுவினாலும் இவற்றைச் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவர வேண்டாம். அதே மாதிரி, தட்டினால் நீண்டு ரீங்கரிக்கிற, பட்டை தீட்டிய, அளவுக்கு மீறிக் கனக்கிற ஜாடி ஈயக் கண்ணாடியாக இருக்கலாம். அதில் புளிப்பான எதையும் தேக்கி வைக்கக் கூடாது. முன்பு எதற்குப் பயன்பட்டது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், அது பொத்தானும் நூல்கண்டும் வைக்கிற ஜாடி.

எளிய வழி ஒன்று உண்டு: ஹோட்டல் சமையலறைகளுக்கு வினிகரில் ஊறிய சாமான்கள் மொத்தமாக வருகிற, அமெரிக்க கேலன் அளவு, அதாவது சுமார் 3.8 லிட்டர், திருகு மூடி ஜாடிகள். காலியானதும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வாய் பெரும்பாலும் 11 சென்டிமீட்டர், பல கிளிப் ஜாடிகளைவிட அகலம், கை தாராளமாகப் போகும். பழைய மூடியின் உள்பக்கத்தில் வினிகர் வாசனை தங்கிவிடும், அதனால் மூடியை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். அழகுப் போட்டியில் தோற்கும். வேலையில் மற்ற எல்லாவற்றையும் ஜெயிக்கும்.

## மூன்றும் இருப்பதுபோல் தோன்றுவது

பெரிசு, பழைய தோற்றம், கிளிப், எல்லாம் ஒரே ஜாடியில், கைக்கு எட்டும் விலையில். அலங்காரக் கடை ஜாடிகள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், அதிர்ஷ்டம் இருந்தால் நல்லது அகப்படும். கடையிலேயே ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் விளிம்புக்கும் நடுவில் வைத்துப் பூட்டி இழுங்கள். நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். எங்காவது காகிதம் தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடம் மூடவில்லை என்று பொருள். இந்தக் குறை பெரும்பாலும் கீல் பக்கம்தான் இருக்கும். பூட்டும்போது கட்டைவிரலுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு தெரிய வேண்டும், தானாக விழுகிற கிளிப் அலங்காரத்துக்கு. கம்பெனி பெயரோ கொள்ளளவோ எங்கும் அச்சிடப்படாமல், வளையம் கண்ணாடி மாதிரி தெளிவான மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால், அது பழுதாகிற நாளில் மாற்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

சதுர ஜாடி அலமாரியில் இடம் மிச்சம் பிடிக்கும் என்பது சரிதான். மூலைகளில் மாவு அடைத்துக்கொள்ளும், அடி பட்டால் முதலில் விரிசல் விடுவதும் மூலைதான்.

வாடகை வீட்டில் ஒரு வருஷம் தட்டை நிரப்ப, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் போட்டு வைக்க, படம் எடுக்க இது போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், காகிதச் சோதனையில் ஒரு பக்கம் மட்டும் தோற்கிறது என்றால் தூக்கிப் போட வேண்டாம். கிளிப் கம்பி மேலே வளைந்து போயிருக்கும். இடுக்கியால் அதை ஒரு மில்லிமீட்டர் போல உள்பக்கம் வளைத்து, வளையத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி பூட்டிப் பாருங்கள். மூடியைப் பிடித்துக்கொண்டு கம்பியை வளைக்காதீர்கள், கழுத்தில் கண்ணாடி விரிசல் விடும். கம்பியை ஜாடியிலிருந்து கழற்றி எடுத்து வெளியே வைத்துத்தான் வளைக்க வேண்டும்.